டர்போ காருக்குச் சுழி பார்த்தவர்

உலகத்தில் உயிருள்ளது, உயிரில்லாதது எல்லாவற்றையும் மாடாகவே பார்த்த ஒரே மனிதர் எங்கள் சுழி அண்ணாச்சிதான். தையல் மெஷின் வாங்கப் போனாலும் சுற்றி வந்து அதன் நெற்றியைத் தடவிப் பார்ப்பார். கடிகாரக் கடையில் போய், "இது சண்டித்தனம் பண்ணுமா?" என்று விசாரித்தவர். இலத்தூரில் வயல், தென்காசியில் வீடு, மாட்டுச் சந்தையில் பெரிய மரியாதை. உடம்பில் எந்த மயிர்ச்சுழி எந்த இடத்தில் இருந்தால் மாடு குடும்பத்துக்கு ஆகும், ஆகாது என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சொந்தப் பெயர் என்ன என்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

எண்பதுகளில் நான் தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. அண்ணாச்சி வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒரு சனிக்கிழமை கீழேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, கார் ஒண்ணு பாக்கப் போறேன். நீரும் வாரும்."

"எனக்குக் காரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே அண்ணாச்சி."

"பேண்டு போடுதீருல்லா? தெரியாம இருக்குமா?"

போனேன். குற்றாலத்தில் ஓர் எஸ்டேட் முதலாளியின் பங்களாவில் நின்றது அந்த வெளிநாட்டுக் கார். பழசுதான், ஆனாலும் மினுமினுப்பு போகவில்லை. பின்னால் 'டர்போ' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. முதலாளி கொச்சிக்கே குடிபோய்விட்டதால், விற்கும் பொறுப்பு மலையாளத்து டிரைவர் குட்டப்பனிடம்.

அண்ணாச்சி முதலில் பானெட்டைத் தடவினார். முன் சக்கரத்தைக் கையால் அழுத்தி, "காலு திடமாத்தான் இருக்கு" என்றார். பின்பக்கம் போனவர் எச்சரிக்கையாக ஓரடி தள்ளியே நின்றார். பிறகு தோள் துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டு நீட்டினார். சந்தையில் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். குட்டப்பனுக்கு அது தெரியாது. துண்டுக்குள் கையை விட்டு, பணிவாகக் குலுக்கிவிட்டு எடுத்துக்கொண்டான்.

வண்டியைக் கிளப்பி ஒரு முறுக்கு முறுக்கியதும் உள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். அண்ணாச்சி முகம் சுருங்கியது.

"இளைப்பு இருக்கும் போலிருக்கே."

"அது டர்போவாக்கும் அண்ணாச்சி. வண்டி விடுற புகை ஒரு சக்கரத்தைச் சுத்த வைக்கும். அது காத்தை இழுத்து உள்ளே தள்ளும். மலை ஏறும்போ நல்ல சக்தி கிட்டும். ஒண்ணே ஒண்ணு, ஓடி வந்து நின்னதும் ஆஃப் பண்ணக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா ஓட விடணும். இல்லேங்கில் கேடாயிடும்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கேட்டீரா தம்பி? ஓடி வந்த காளைக்கு உடனே தண்ணி காட்டலாமா? அதே கததான்."

அன்று முதல் அந்தக் கார் அவருக்கு உறவாகிவிட்டது. ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பது மட்டும் முடிவாகவில்லை.

கார் எதற்கு என்பதை அண்ணாச்சியின் மனைவி ஆச்சிதான் எனக்குச் சொன்னார். மகள் கோமதியை மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் தடவை உண்டாகியிருந்தபோது அவள் பஸ்ஸில் மலையிறங்கி வந்தாள். வந்த வாரமே கலைந்துபோயிற்று. பஸ்ஸால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. அண்ணாச்சி அப்படித்தான் நம்பினார். அதைப் பற்றி யாரிடமும் பேசவும் மாட்டார். இப்போது மறுபடி ஆறு மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வர வேண்டும்.

ரயிலில் கூட்டி வரலாமே என்றேன். "ரயிலுக்குச் சுழி பாக்க முடியுமா?" என்று கேட்டார். வாடகைக் கார்? "முன்னப் பின்ன தெரியாத மாட்ட நம்பிப் பிள்ளைய ஏத்தச் சொல்லுதீரா?"

சனிக்கிழமைதோறும் குற்றாலம் போனோம். தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு போல்ட்டு போனாலும் கப்பலில்தான் வர வேண்டும் என்றார் ஒருவர். தென்காசி மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவர் பானெட்டைத் திறந்தார், சற்று நேரம் பார்த்தார், கோயில் நடை சாத்துகிற மாதிரி மெதுவாக மூடினார். "நான் தொட மாட்டேன் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி காலையில் வாங்கலாம் என்பார், சாயங்காலம் வேண்டாம் என்பார்.

"மாப்பிள்ள பாக்கும்போதுகூட இம்புட்டு யோசிக்கல" என்றார் ஆச்சி.

"அவருக்கு நெத்தியப் பாத்ததுமே தெரிஞ்சிட்டுல்லா" என்றார் அண்ணாச்சி, சாதாரணமாக.

கடைசியில், புது மாட்டை ஏரில் பூட்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை, ஆகையால் ஆரியங்காவு வரை மலையேற்றிப் பார்க்க வேண்டும் என்றார். குட்டப்பன் முதலாளியிடம் போனில் கேட்டு அனுமதி வாங்கினான். "தீனி நம்ம செலவு" என்று அண்ணாச்சியே பெட்ரோல் போட்டார்.

புறப்படுகிற காலையில் டிக்கியில் மூட்டைகளும் டின்களும் ஏறின. பின்சீட்டில் ஆச்சி ஏறினார். "இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பாரம் வைக்காம மாட்டோட தெம்பு எப்படித் தெரியும்?"

பட்டுச்சேலை கட்டிய பாரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சாரலில் புளியரை வளைவுகளைக் கார் அலுங்காமல் ஏறியது. ஆரியங்காவு வந்ததும் குட்டப்பன் வண்டியைத் திருப்பப் பார்த்தான்.

"ஏலே குட்டப்பா, ஏத்தம் பாத்தாச்சு. எறக்கம் பாக்காண்டாமா?"

தென்மலை வரை இறக்கம் பார்த்தோம். அப்புறம் சமதளம் பார்க்க வேண்டும் என்றார். சமதளம் பார்த்து முடித்தபோது புனலூரில் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. "அப்பா வந்தாச்சு" என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள். அன்றைக்குத்தான் வளைகாப்பு. டிக்கியிலிருந்து வளையலும் முறுக்கும் சீர்வரிசையும் இறங்கின. குட்டப்பன் கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் தடவை வாங்கினான்.

சாயங்காலம் தென்காசியில் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது, கோமதி பின்சீட்டில் ஆச்சியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கை நிறைய வளையல். அண்ணாச்சி முன்சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஆஃப் பண்ணாத. மூச்சு வாங்கிக்கிடட்டும்."

குட்டப்பன் காத்திருந்தான். "இத்தனை நேரம் மதி அண்ணாச்சி, போதும்."

"இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்லே. மலையேறி வந்திருக்குல்லா."

அவர் பானெட்டைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளாகக் கண் விழிக்கும் வரைக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

காரை அவர் வாங்கவில்லை. திருப்பி அனுப்பும்போது பானெட்டைத் தட்டிக் கொடுத்து, "நல்ல மாடு. நமக்குத்தான் மேய்க்கத் தெரியாது" என்றார். கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலைச் சுற்றி வந்து நெற்றியைத் தடவிப் பார்த்தவர், சுழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது என்னிடம் ஒரு சின்ன கார் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து நின்றதும் நான் உடனே இன்ஜினை நிறுத்துவதில்லை. பெட்ரோல் வீணாகிறது என்று மனைவி திட்டுகிறாள். என் காரில் டர்போ கிடையாது. அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், அதற்காகத்தான்.