வாழைப்பழப் பெட்டிச் சுவரில் பிடிபட்ட கதை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் மகள் ஆரணி சொல்லுவாள். சொல்லும்போது நடித்தும் காட்டுவாள்.

என் பயம் ஒரு பச்சை நிற பைலுக்குள் இருக்கிறது. கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், விவாகப் பதிவு, வீட்டு ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, ஆரணிக்குச் சின்னமுத்து ஊசி போட்ட அட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். பாண் வாங்கப் போனாலும் அது ஜாக்கெட்டுக்குள் என்னோடு வரும். (பேக்கரியில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் நான் தயார்.)

போன வருடம் ஆரணிக்கு அபிட்டூர், அதாவது பள்ளிக்கூடத்தை முடிக்கிற பெரிய சோதனை. அதற்கு முந்திய கடைசி வாரத்தில் மாணவர்கள் நாளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு போவது ஜேர்மனியில் வழக்கம். கடைசி நாளான வெள்ளிக்கிழமைக்குத் தலைப்பு, எண்பதுகள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆரணி போனைப் பதிவில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து இருந்தாள்.

“அப்பா, எண்பதுகளில உலகத்தில என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ. எங்கட வகுப்புக்குத் தேவை.”

என் மகள் என்னிடம் தகவல் கேட்டது அதுவே முதல் தடவை. விடுவேனா? பதினாறு வயதில் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி, சுவருக்கு மேற்கே வந்து சேர்ந்ததைச் சொன்னேன். அடுத்த வசந்தத்தில் செர்னோபில் அணு உலை வெடித்ததைச் சொன்னேன். அகதி முகாமில் இருந்த எங்களுக்கு மொழி தெரியாது. ஜேர்மன்காரர் திடீரென்று கீரையைத் தொடவில்லை, பாலைக் குடிக்கவில்லை, யன்னலைத் திறக்கவில்லை, பிள்ளைகளை மணலில் விளையாட விடவில்லை. இந்த நாட்டு விரதமாக்கும் என்று நினைத்து நாங்களும் ஒரு வாரம் பக்தியோடு பிடித்தோம்.

“சூப்பர் அப்பா,” என்றாள் ஆரணி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். (பதினெட்டு வயதுப் பிள்ளை அப்பாவைப் பாராட்டினால் உடனே எதற்கென்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.)

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை. பத்து மணிக்குப் பார்த்தால் குசினி மேசையில் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி கிடக்கிறது. பிள்ளை பசி கிடக்குமே என்று எடுத்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட வாசலைக் கதிரை மேசைகளால் மறித்திருந்தார்கள். சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. உள்ளே முற்றத்தில், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஏழெட்டுப் பேர். ஒருவர் கையிலிருந்த, கதிர்வீச்சு அளக்கிற கருவி போன்ற பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. ஒலிபெருக்கி ஜேர்மன் மொழியில் அறிவித்தது: “யன்னல்களை மூடவும். பால் அருந்த வேண்டாம். கீரை உண்ண வேண்டாம். மணலில் இறங்க வேண்டாம்.”

மூன்று நாட்களுக்கு முன்னர் இந்த நான்கையும் என் சொந்த வாயால் சொன்னவன் நான். அது ஞாபகம் வந்ததா என்றால், இல்லை. திரும்பவும் வெடித்துவிட்டது, என் பிள்ளை உள்ளே நிற்கிறாள் என்பது மட்டும்தான் வந்தது.

ஒன்பது தடவை போன் அடித்தேன். அவள் எடுக்கவில்லை. தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டேன்.

“பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில ஏதோ கசிஞ்சு போச்சு. வெள்ளை உடுப்போட ஆக்கள் நிக்கினம். யன்னலைச் சாத்துங்கோ. பால் குடிக்காதேங்கோ. ஆரணி போன் எடுக்கிறாளில்லை.”

கடைசி வசனத்தில் குரல் உடைந்துவிட்டது. அந்த உடைவைக் கேட்டுத்தான் எல்லோரும் நம்பினார்களாம்.

கதிரைகளின் மேல் ஏறி உள்ளே குதித்தேன். (குதித்தேன் என்பது என் சொல். விழுந்தார் என்பது கண்டவர்களின் சொல்.) எழும்பிப் பார்த்தால் முற்றத்துக்குக் குறுக்கே ஒரு சுவர். அதில் ஓர் இடைவெளி. இடைவெளியில் விறைப்பான தொப்பி போட்ட உயரமான ஒரு பெண். கையை நீட்டினாள்.

“பத்திரங்கள்.”

நிதானமுள்ளவன் அந்தச் சுவர் முழுவதும் வாழைப்பழப் பெட்டி என்று கண்டிருப்பான். எனக்குத் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. பச்சை பைலை எடுத்து நீட்டினேன்.

“மகள் உள்ளே இருக்கிறாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சம்பளத் துண்டும் இருக்கிறது,” என்று ஜேர்மனில் சொன்னேன்.

அந்தப் பெண் திகைத்துப்போனாள். அவள் லேனா, ஆரணியின் சிநேகிதி, எங்கள் வீட்டில் எத்தனையோ முறை இடியப்பம் சாப்பிட்டவள். காலையிலிருந்து அந்த இடைவெளியால் போன ஆசிரியர்கள் எல்லோரும் பத்திரத்துக்குப் பதிலாகப் பாட்டுப் பாடித்தான் போனார்களாம். உண்மையான பத்திரம் கொடுத்த முதல் ஆள் நான். என்ன செய்வதென்று தெரியாமல், உருளைக்கிழங்கில் வெட்டிய முத்திரையை ஊதா மையில் தோய்த்து என் கடவுச்சீட்டில் அழுத்தினாள். ஒரு பசு மாடு.

“போகலாம்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட அதிபர் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார். வெள்ளை உடுப்புகளில் ஒன்று முகமூடியைக் கழற்றியது.

“அப்பா, இஞ்ச என்ன செய்யிறியள்?”

“நீ சுகமா இருக்கிறியோ?”

“அப்பா, இது பகிடி. கடைசி நாளில பள்ளிக்கூடத்தைப் பிடிச்சு வாத்திமாரைப் பாடாய்ப் படுத்துறது இஞ்சத்தை வழக்கம். கதை முழுக்க நீங்கள் சொன்னதுதானே.”

“சாப்பாட்டை விட்டிட்டு வந்திட்டாய்,” என்று பெட்டியை நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். தாள்கள் கலைந்து பைலுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தன.

“இவ்வளவத்தையும் லேனாட்டக் குடுத்தனீங்களோ?”

“கேட்டவ.”

அவள் சிரிக்கவில்லை. தாள்களை வாங்கி, தட்டி, ஒழுங்காக அடுக்கி, பைலுக்குள் வைத்து, ஜாக்கெட்டின் சிப்பையும் இழுத்துவிட்டாள். அந்த ஒரு தடவைதான் சிரிக்கவில்லை.

அதற்குள் குரல் பதிவு நோர்வே வரை போய்விட்டது. அன்று கோவில் பாயாசத்துக்குப் பொறுப்பாயிருந்த சிவராசா அண்ணை எனக்குப் போன் அடித்தார்.

“தம்பி, பன்னிரண்டு லீற்றர் பாலையும் வெளியில ஊத்திப்போட்டன். இப்ப குடிக்கலாமோ ஏலாதோ, ஒண்டைச் சொல்லும்.”

எங்கள் ஊரான கெல்சென்கிர்ச்சனில் தமிழர் அன்று பாயாசம் இல்லாமல் வீடு திரும்பினார்கள். அண்ணை இன்றுவரை என்னைப் பால் மந்திரி என்றுதான் கூப்பிடுகிறார்.

மாடு நிற்கும் கடவுச்சீட்டோடு பயணம் போக எனக்குத் துணிவு வருமா? புதியது எடுக்கப் போனேன். அலுவலகப் பெண்மணி பக்கத்தைத் திருப்பி, இது எந்த நாட்டு முத்திரை என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டார். நான் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். சொல்லும்போதுதான் உறைத்தது: உண்மையான சுவரைக் கடந்து வந்தபோது மேற்குப் பக்கத்தில் ஒருவரும் என்னை மறிக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து வாழைப்பழப் பெட்டியில் பிடிபட்டேன்.

ஆரணி நல்ல புள்ளிகளோடு தேறி, இப்போது கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிறாள். பழைய கடவுச்சீட்டு அவளுடைய அறைச் சுவரில், மாட்டுப் பக்கம் தெரியத் தொங்குகிறது. வீட்டில் பத்திரம் கேட்கும் பொறுப்பை என் மனைவி வதனி ஏற்றுக்கொண்டிருக்கிறாள். காலையில் பால் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“பேப்பரைக் காட்டுங்கோ, தேத்தண்ணிக்குப் பால் விடுறன்.”

பகிடி என்று எனக்குத் தெரியும். தெரிவதற்குள் கை ஜாக்கெட்டுக்குள் போய்விடுகிறது.