எசேக்கியாவின் கிழக்கு வேலி

எல்பிரிட்ஜ் தேயர் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு சரித்திர முடிவை அறிவித்தார்.

"ஃபிலோமினா! இந்த வருஷம் ஊர்ப் பிறந்தநாள் ஊர்வலத்துல நான் முதல் வரிசையில நடக்கப்போறேன்."

"நடந்துக்கோயேன். யாரு வேண்டாம்னா? கிளம்புறதுக்கு முன்னாடி அந்தக் கிழக்கு வேலியை மட்டும் நிமிர்த்திடு."

எல்பிரிட்ஜ் இப்படிப்பட்ட பதிலைத்தான் எதிர்பார்த்தார். பெரிய விஷயம் பேசும்போது வேலியை இழுப்பது அவர் மனைவியின் வழக்கம்.

மாசசூசெட்ஸ் கடற்கரையில் பென்ஹாலோ என்ற அந்தச் சின்ன ஊரில் முதல் வரிசை என்பது லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. முதல் கப்பலில் வந்து குடியேறியவர்களின் வாரிசுகள் மட்டும்தான் அதில் நடக்கலாம். தலையில் உயரமான கறுப்புத் தொப்பி, அதில் பித்தளை வளையம். பின்னால் வருகிற ஊர் முழுக்க அந்தத் தொப்பிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

"எங்க எசேக்கியா தேயர் முதல் கப்பல்ல வந்தவர். உங்க தாத்தா நேத்துதானே அசோர்ஸ் தீவுலேர்ந்து வந்து இறங்கினாரு?"

"ஆமா. இறங்கினாரு, மீன் பிடிச்சாரு. உங்க ஆளு இறங்கி என்ன பண்ணாரு?"

"நிலம் வாங்கினாரு."

"யாருகிட்டேர்ந்து?"

எல்பிரிட்ஜ் கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி அருகில் இழுத்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், சும்மா சொன்னால் போதாது. பழைய கோர்ட்டுப் பதிவு, நிலப் பத்திரம் எல்லாம் காட்டி ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்பது முதல்குடிகள் சங்கத்தின் விதி. இல்லாவிட்டால் சங்கத்துக்கு வேறு வேலையே கிடையாது. எல்பிரிட்ஜின் அப்பா அந்தக் காலத்தில் நிரூபித்தார். அவர் தொப்பியோடு நிற்கும் படம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. படத்தில் அவரது இடது கட்டைவிரலில் பேரிக்காய் பருமனுக்கு ஒரு கட்டு. அன்றைக்கு ஊர் மைதானத்தில் பீரங்கி வெடித்தார்கள், அதில் பட்ட வீரக் காயம் என்று எல்பிரிட்ஜ் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அப்பா சேர்த்த காகிதங்களை மட்டும் காணோம். எலி தின்றுவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அப்புறம் அந்த வேலி. அதற்கு அந்தப் பக்கம் ஓரின் பிக்ஸ்பியின் ஆடுகள். இந்தப் பக்கம் ஃபிலோமினாவின் கேல் கீரை. அந்தக் கீரை போடாத சூப்பை அவள் பிறந்த வீட்டில் சூப் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆடுகளும் அதே கட்சி. "வேலி ஓரினோடது" என்பார் எல்பிரிட்ஜ். "வேலி எல்பிரிட்ஜோடது" என்பார் ஓரின். இருவரும் அசல் பென்ஹாலோ ஆண்பிள்ளைகள். அடுத்தவன் அடிக்க வேண்டிய ஆணியை அடிப்பதைவிட ஊரைவிட்டே போய்விடுவார்கள். வேலி வருஷா வருஷம் சாய்ந்துகொண்டே வந்து, இப்போது ஆடுகளுக்குப் பாலமாகப் பயன்பட்டது.

ஆனால் இந்த முறை ஒரு அதிசயம் நடந்தது. "பதிவு அலுவலகத்துக்கு நானும் வரேன். உனக்கு அந்தப் பழைய கையெழுத்தெல்லாம் புரியாது" என்றாள் ஃபிலோமினா. எல்பிரிட்ஜ் ஓடிப்போய் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரது வம்சத்தின் மேல் அவள் காட்டிய முதல் மரியாதை அது.

அவளுக்கு நல்ல கைராசி. எல்பிரிட்ஜ் ஒரு பதிவேட்டைத் தூசி தட்டுவதற்குள், அவள் நேராகப் போய் வேறொன்றை எடுத்துப் பிரித்தாள். பிரித்த பக்கத்தில் எசேக்கியாவின் நிலம். பெரிய பாறையிலிருந்து வளைந்த ஓடை வரை. இன்றைக்கு எல்பிரிட்ஜ் குடியிருக்கும் அதே நிலம். கோர்ட்டுப் பதிவுகளில் எசேக்கியா இன்னும் தாராளமாக இருந்தார். மனுஷன் தேவாலயத்துக்குப் போனதைவிடக் கோர்ட்டுக்குத்தான் அதிகம் போயிருக்கிறார்.

"பிரசங்கத்துல குறட்டை விட்டதுக்கு அபராதம்" என்று படித்தாள் ஃபிலோமினா.

"சுதந்திரமான மனுஷன்."

"காவலரைக் கழுதைன்னு சொன்னதுக்கு அபராதம்."

"உண்மை பேசுறவர்."

"அடுத்தது ஒரு பன்றி வழக்கு. படிக்கட்டுமா?"

"பன்றியா? சீச்சீ, அது நம்ம கௌரவத்துக்கு ஆகாது. விட்டுடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு, எல்பி."

"வேண்டாம்னா வேண்டாம்!"

அவள் அந்தப் பக்கத்துக்கும் ஒரு நகல் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எல்பிரிட்ஜ் அதைப் பார்த்தார். அவளுக்கு வம்சத்தின் மேல் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் தேவாலய மண்டபத்தில் பீன்ஸ் விருந்து. அங்கேதான் சத்தியப்பிரமாணம். செய்துவைப்பவர் மிஸ் ட்ரைஃபினா கோஃபின். அவர்தான் சங்கத்துச் செயலாளர். வேலித் தகராறுகளைத் தீர்க்கும் ஊர் வேலி அதிகாரியும் அவரே. இரண்டு பதவியும் வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

எல்பிரிட்ஜ் வலது கையைத் தூக்கினார். குரலையும் தூக்கினார்.

"எசேக்கியா தேயரின் நேர் வாரிசு நான். அவர் நிலம் என் நிலம். அவருக்கு உரியதெல்லாம் எனக்கும் உரியது!"

கைதட்டல். தொப்பி மேஜைக்கு வந்தது. எல்பிரிட்ஜ் அதைத் தொடப்போன நேரத்தில், மிஸ் கோஃபின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேறொன்றை மாட்டினார்.

"இப்ப நான் வேலி அதிகாரி. திருமதி தேயர் ஒரு மனு குடுத்திருக்காங்க. பன்றி வழக்குத் தீர்ப்பும் கூட வெச்சிருக்காங்க. படிக்கிறேன். 'எசேக்கியாவின் பன்றிகள் அண்டை வீட்டுச் சோளத்தை அழித்தபடியால், கிழக்கு வேலி முழுவதையும், பாறை தொடங்கி ஓடை வரைக்கும், எசேக்கியாவும் அவனுக்குப் பின் அந்த நிலத்தை ஆளும் வாரிசுகளும் என்றென்றைக்கும் தங்கள் கையாலேயே பழுது பார்க்கக்கடவர்கள்.'"

பீன்ஸ் தின்றுகொண்டிருந்த ஓரின் பிக்ஸ்பி கரண்டியைக் கீழே வைத்தார். விருந்தில் அவர் கரண்டியை வைத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"அது... வேற எசேக்கியாவா இருக்கும்" என்றார் எல்பிரிட்ஜ்.

"அப்படியா? அப்ப தொப்பியும் வேற யாருக்காவதுதான்" என்றார் மிஸ் கோஃபின், நல்ல அன்பாகவே.

எல்பிரிட்ஜ் தொப்பியைப் பார்த்தார். பித்தளை வளையம் மின்னியது. ஃபிலோமினாவைப் பார்த்தார். அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க முப்பாட்டன்தான்" என்றார்.

"பின் வரிசைக்குக் கேக்கலை, எல்பிரிட்ஜ்!" என்று கத்தினார் ஓரின்.

ஒரு வாரம் வேலி அடித்தார். ஓரின் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆணி கோணலாகப் போகும்போதெல்லாம் எசேக்கியாவை விசாரித்தார். கடைசி ஆணி மரத்தில் இறங்காமல் எல்பிரிட்ஜின் விரலில் இறங்கியது. ஆனாலும் ஊர்வலத்தில் முதல் வரிசையில்தான் நடந்தார். அந்த ஒரு நாள் அவருக்கு ராஜ வாழ்க்கை, அதில் பொய் இல்லை.

ஊர்வலத்தில் எடுத்த படம் வந்தது. அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று ரசித்தார். அதே தொப்பி. அதே மூக்கு. இடது கட்டைவிரலில் அதே பேரிக்காய்க் கட்டு.

எல்பிரிட்ஜ் அப்பாவின் கட்டையும் தன் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஃபிலோமினா! அப்பாவுக்கு அன்னிக்குப் பீரங்கிதானே வெடிச்சுது?"

அவள் சமையலறையிலிருந்து நீல நாடா கட்டிய ஒரு காகிதக் கட்டோடு வந்தாள். மேல் காகிதத்தில் அப்பா கைப்பட எழுதியிருந்தார். 'எசேக்கியா' என்று.

"எலி தின்னுடுச்சுன்னு அம்மா சொன்னாங்களே!"

"நம்ம கல்யாணத்துக்கு மறுநாளே உங்கம்மா இதை எங்கிட்ட குடுத்தாங்க. வேலி சாயுறப்ப பிரிச்சுப் பாருன்னாங்க."

"அப்பவே எங்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருந்தா, எசேக்கியாவா, யாரு அதுன்னு கேட்டிருப்ப."

அவள் நாடாவை அவிழ்த்து, பன்றி வழக்கின் புது நகலையும் உள்ளே வைத்து, பழையபடி இறுக்கிக் கட்டினாள்.

"மறுபடி எதுக்குக் கட்டுற?"

"ஜூன்ல நம்ம பையன் எபனுக்குக் கல்யாணம். இது மருமகளுக்கு. அவன் கேட்டா எலி தின்னுடுச்சுன்னு நீயே சொல்லிடு."