பதிவேட்டில் ஒரு பழுது குறைகிறது

வாகனப் பழுது நீக்கும் பயிற்சி நிலையத்தில், செய்முறைத் தேர்வுக்கென்றே ஒரு கார் உண்டு. அதற்கு நிரந்தரமாக ஒரு பழுதும் உண்டு. மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, என்ஜின் விட்டுவிட்டு இருமும். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு மூன்று முறை கூடிப் பரிசீலித்து ஏற்படுத்திய பழுது அது. இருப்புப் பதிவேட்டில் 'கார் ஒன்று, பழுது ஒன்று' என்று முத்திரையோடு ஏறியிருக்கிறது.

விடை என்ன என்பது சேர்க்கை விண்ணப்பம் வாங்கும் வரிசையிலேயே மாணவர்களுக்குத் தெரிந்துவிடும். தேர்வன்று இரண்டு நிமிடம் தலையைச் சாய்த்து என்ஜினைக் கேட்பார்கள். சாய்ப்புக்கு ஐந்து மதிப்பெண். பிறகு 'மூன்றாவது பிளக்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். காரை யாரும் தொட்டதில்லை.

இந்த ஆண்டு ஏழாவதாக வந்தவள் தொட்டுவிட்டாள். வகுப்பில் அவளுக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர். பேருந்துப் பணிமனையில் வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் சான்றிதழைக் காட்டினால் போதும். பிளக்கைக் கழற்றினாள், கரியைத் தேய்த்துத் துடைத்தாள், மாட்டினாள். என்ஜின் இருமலை மறந்து ஓடியது. விடைத்தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'பழுது இல்லை.'

அவளுக்குப் பின் பதினேழு பேர் வந்தார்கள். சீராக ஓடும் என்ஜினுக்குத் தலை சாய்த்தார்கள், கவலையோடு முகம் சுளித்தார்கள், 'மூன்றாவது பிளக்' என்று எழுதினார்கள். பதினேழு பேரும் தேர்ச்சி. ஸ்பேனர் மட்டும் தோல்வி.

முதல்வர் அறையில் விசாரணை நடந்தது.

"ஐயா, வண்டி நல்லா ஓடுதே."

"அதைத்தானேம்மா விசாரிக்கிறோம். உன்னை யாரு சரிபண்ணச் சொன்னது?"

"பழுது நீக்குறதுதானே ஐயா படிப்பு?"

"அது படிப்பு. இது தேர்வு."

பண்டகக் காப்பாளர் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரு பழுது குறையுது சார். தணிக்கைக்கு வந்தா எதைக் காட்டுவேன்? கைமாத்தா என் ஸ்கூட்டர் பழுதைக் கொண்டுவந்து வைக்கட்டுமா?"

முதல்வர் இதைத் தீவிரமாகவே யோசித்தார். "வேண்டாம். நாலு சக்கரக் கணக்குல ரெண்டு சக்கரப் பழுது செல்லாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "பழுதைத் திருப்பிக் கொடுத்துடு, சான்றிதழை வாங்கிட்டுப் போ."

"கரியைத் துடைச்சுட்டேனே ஐயா."

"துடைச்ச துணி எங்கே?" என்றார் பண்டகக் காப்பாளர்.

துணியை அவள் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அது தனிக் குற்றமாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. ஸ்பேனர் வேறு வழியில்லாமல் காரிடம் போனாள். பிளக்கின் நுனியைச் சுத்தியலால் நசுக்கி மாட்டினாள். என்ஜின் மறுபடி இருமியது. கேட்க இனிமையாக இருந்தது என்று முதல்வர் பின்னர் குறிப்பு எழுதினார்.

"அதே பழுதுதானா?" என்று இழுத்தார் பண்டகக் காப்பாளர். "தகுதியுள்ள மெக்கானிக் யாராவது கையெழுத்துப் போட்டாத்தான் நான் வரவு வைப்பேன்."

நிலையம் முழுக்கத் தேடினார்கள். பாடம் நடத்துகிறவர்கள் இருந்தார்கள், மேற்பார்வையிடுகிறவர்கள் இருந்தார்கள். காரைத் திறந்து பார்த்தவர் ஒருவர்தான் இருந்தார். எனவே ஸ்பேனருக்கு முதலில் சான்றிதழ் வழங்கி, அதனால் தகுதி பெற்ற அவளிடமே, 'பழுது குறைவின்றி மீட்கப்பட்டது' என்று கையெழுத்து வாங்கினார்கள். வழங்கியது சிறப்புத் தேர்ச்சி.

திங்கட்கிழமை காலை பணிமனையில் அவள் முன்னால் ஒரு பேருந்து புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஆள் நிறைந்த வண்டி. அவள் கை கருவிப்பெட்டிக்குப் போய், பாதியில் நின்றது.

"சார், இந்தப் பழுது யார் கணக்குல இருக்கு?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. "சேர்ந்த அன்னைக்கே இதைக் கேட்டது நீதான்மா. மத்தவங்களுக்கு இது புரியவே ஆறு மாசம் ஆச்சு. எழுதிக் கேட்டிருக்கோம். பதில் வரட்டும்."

பேருந்துக்குள் இருந்த பயணிகள் நாங்கள் நாற்பது பேரும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். இறங்கினோம், வழக்கம்போல் தள்ளினோம். வண்டி கிளம்பியதும் ஓடிப்போய், உட்கார இடம் பிடிக்க ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம்.