ஜெயசீலி டீச்சரின் ஆட்டமுடிவு

வாகனம் ஓட்டத் தெரியாத எவருக்கும் இனி ஓட்டுநர் உரிமம் வழங்குவதில்லை என்று ஒரு நல்ல நாளில் முடிவு செய்யப்பட்டது. அதுவரை எப்படி வழங்கப்பட்டு வந்தது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விஷயம்.

தரையில் எட்டுப் போட்டுக் காட்டும் பழைய பரீட்சை ஒழிந்தது. இனிமேல் குளிரூட்டிய அறையில் ‘பாவனை ஓட்டுக் கருவி’யின் முன் உட்கார்ந்து, திரையில் தெரியும் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். தாம்பரத்துக்கும் பம்மலுக்கும் நடுவே இருந்த ஓட்டுநர் தகுதி ஆய்வுக் கிளை அலுவலகத்துக்கு முதலில் ஏசி வந்தது. அப்புறம் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்ற பலகை வந்தது. அப்புறம் திறப்பு விழாவுக்குத் தேதி வந்தது. கருவி மட்டும் வரவில்லை.

கருவி வரவில்லை என்பதற்காக விழாவை நிறுத்துகிற ஆள் இல்லை, தகுதி ஆய்வு அலுவலர் சத்யநாராயணன். உதவியாளர் பாலகுருவைக் கூப்பிட்டார்.

“திரை இருக்கணும். திரையில ரோடு இருக்கணும். ரோட்டுல கார் இருக்கணும். சுற்றறிக்கையில வேற என்ன போட்டிருக்கு?”

“அந்தக் காரை விண்ணப்பதாரர் ஓட்டணும்னு போட்டிருக்கு சார்.”

“அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். பாலகுரு அன்றைக்கே தன் மச்சான் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு கார் ரேஸ் கேசட். லேபிள் பாதி உரிந்துபோய், ஒரு சிவப்புக் காரின் பின்பக்கமும் ஒரு தென்னை மரமும் மட்டும் அதில் மிஞ்சியிருந்தன. கேசட்டை அப்படியே செருகினால் ஓடாது. வாயால் பலமாக ஊதிவிட்டுச் செருக வேண்டும். இதற்கென அலுவலக ஆணை ஒன்று பிறந்தது: ‘திரு. பாலகுரு, மறு உத்தரவு வரும் வரை ஊதும் பணியையும் கூடுதலாகக் கவனிப்பார்.’

விழாவில் ஒரு பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டி, மூன்று சுற்று ஓட்டி, கடலுக்குள் விழுந்து, “அருமையான தொழில்நுட்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அது வீடியோ கேம் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஜெயசீலி டீச்சர் வந்து மாட்டிக்கொண்டார்.

சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவர். கணவர் சாலமோனுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் வாசலில் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. குரோம்பேட்டை கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், மருந்து விட்டுக் கூசும் கண்ணோடு மனிதரை ஷேர் ஆட்டோவில் தூசிக்கும் புகைக்கும் நடுவே உட்கார வைத்துக் கூட்டிவர டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. அதனால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முறையாகக் கார் கற்றுக்கொண்டார். இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் பாவம் என்று நம்பும் அளவுக்கு முறையாக.

முதல் தேர்வன்று, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுத் திரை முன் உட்கார்ந்தார். கையில் ஸ்டியரிங்குக்குப் பதில் பட்டன் வைத்த ஒரு கட்டையைக் கொடுத்தார்கள்.

“சார், இதுல ஹாரன் எங்க?”

“ஹாரன் கிடையாதும்மா. திரையில இருக்கிறது வெளிநாடு. அங்க அடிக்க மாட்டாங்க.”

“இண்டிகேட்டர்?”

“திரும்பினா திரும்புறது தெரியுதே, அது போதாதா?” என்றார் சத்யநாராயணன். “மூணு சுற்று. முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா பாஸ்.”

“சார், ரோட்டுல போறதுக்கு எதுக்கு சார் இடம் பிடிக்கணும்?”

“டீச்சர், நீங்க கிளாஸ்ல ரேங்க் போடுறதில்லையா?”

மஞ்சள் கார் ஒன்றைக் கொடுத்தார்கள். சிவப்புக் கார்தான் வேகமானது. ஆனால் அது அலுவலரின் உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பச்சை விளக்கு விழுந்ததும் மற்ற கார்கள் சீறிப் பறந்தன. டீச்சர் இடப்பக்கம் ஒதுங்கி, மிதமான வேகத்தில், வளைவுக்கு வளைவு பிரேக் போட்டுப் போனார். பின்னால் வந்த கார்களுக்கு வழி விட்டார். ஒரு சுற்று முடித்து அதே கார்கள் மறுபடி வந்தபோது மறுபடியும் வழி விட்டார். மலைவளைவில் ஏறும்போது நேரம் தீர்ந்து, திரையில் ‘கேம் ஓவர்’ என்று எழுந்தது. அதன் கீழே, ‘தொடர விருப்பமா?’ என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி.

“தொடரலாமா சார்?” என்று ஆவலாகக் கேட்டார் டீச்சர்.

“தொடர அனுமதிக்கிற அதிகாரம் மாவட்ட அலுவலகத்துக்குத்தான் இருக்கு. எழுதிக் கேட்கலாம்” என்றார் சத்யநாராயணன். அவர் சொல்லி முடிப்பதற்குள் திரை அணைந்தது.

ஆட்சிமொழிச் சட்டம் அங்கே தீவிரமாக அமலில் இருந்தபடியால், தேர்வு முடிவு தூய தமிழில் வீட்டுக்கு வந்தது: ‘விண்ணப்பதாரர் திருமதி ஜெயசீலி அவர்கள் மலைவளைவில் ஆட்டமுடிவு எய்தினார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

கவரை வாங்கிப் பிரித்த பக்கத்து வீட்டு சரோஜினி, படித்துவிட்டு அழுதுகொண்டே ஓடி வந்தார். கதவைத் திறந்தது டீச்சர் என்பதைக் கண்டு இன்னும் பலமாக அழுதார்.

இதற்குள் ஊரே மாறிக்கொண்டிருந்தது. பம்மலிலிருந்து வண்டலூர் வரைக்கும் ‘பாவனை ஓட்டுப் பயிற்சி மையம்’ என்ற பெயரில் கடைகள் முளைத்தன. முந்தின மாதம் மொபைல் கவர் விற்ற கடைகள் அவை. பெரிய அபார்ட்மெண்டுகளில் பழைய கேம் பெட்டி வைத்திருப்பது நாகரிகமாகி, நேற்றுவரை அதைப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள், இன்று கண்ணாடி அலமாரியில் வைத்து, மேலே ஒரு மஞ்சள் விளக்கும் போட்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு பட்டன் கட்டையைப் பிடித்தபடி நிற்கும் ஃப்ளெக்ஸ், வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

டீச்சர் போன மையம் பம்மலில் இருந்தது. நடத்தியவர் அருண்ராஜ். சுவரில் ‘வளைவு நிபுணர்’ என்று தன் படத்துக்குக் கீழே தானே எழுதி வைத்திருந்தார்.

“அக்கா, முதல்ல பிரேக்கை மறந்துடுங்க. அப்டி ஒண்ணு கீதுன்னே நெனைக்காதீங்க.”

“வளைவுல எப்படிப்பா?”

“பக்கத்துல ஒரு கார் போய்க்கினு இருக்கும்ல? அது மேல ஒரு சாய்ப்பு சாஞ்சீங்கன்னா அதுவே உங்களை திருப்பி வுட்டுடும்.”

“இடிச்சிடாதா?”

“இடிக்கட்டும்கா! பல்டி அடிக்கும், கொஞ்ச நேரம் மின்னும், அப்பாலே புது வண்டி. உங்க வூட்டு வண்டியா அது?”

டீச்சர் பல நாள் மனசு வராமல் பிரேக்கையே அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை, மலைவளைவு எதிரே வந்தபோது, என்ன தோன்றியதோ, அழுத்தவில்லை. மஞ்சள் கார் பக்கத்துக் காரில் சாய்ந்து, தீப்பொறி பறக்க வழுக்கித் திரும்பி நிமிர்ந்தது. நிமிர்ந்த இடத்தில் கடல் விரிந்து கிடந்தது. தென்னை மரங்கள் இரண்டு பக்கமும் கை தட்டுகிற மாதிரி ஓடின. மறையப் போகிற சூரியன் மறையாமல் அங்கேயே நின்றது. அந்த ரோட்டில் பள்ளம் இல்லை, தோண்டிப் போட்ட மண் இல்லை, எதிர்ப்பக்கம் பைக்கில் வருகிறவன் இல்லை. விழுந்தால் யாரும் கூடி நின்று பார்ப்பதில்லை. எழுந்து ஓடுவதற்கு வழி விட்டுவிடுகிறார்கள்.

ஜெயசீலி டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அருண்ராஜ் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தார். பஸ்ஸை விட்டுவிடக் கூடாது, மணி அடிப்பதற்குள் போய்விட வேண்டும், பாத்திரம் உருளக் கூடாது, சத்தமாகத் தும்மக் கூடாது என்று இத்தனை காலம் காலடியில் இருந்த பிரேக்குகளெல்லாம் ஒரேயடியாக விட்டுப்போன மாதிரி இருந்தது அவருக்கு.

இரண்டாவது தேர்வில் மஞ்சள் காரிலேயே முதலாவதாக வந்தார். திரை புது சாதனை என்று அறிவித்து, மூன்று எழுத்தில் பெயர் கேட்டது. டீச்சர் போட்டார். பட்டியலில் மேலே இருந்த சத்யநாராயணனின் மூன்றெழுத்து ஒரு படி இறங்கியது. பாலகுரு ஊதுவதற்காக இழுத்த மூச்சை விடவே இல்லை.

அலுவலர் தொண்டையைச் செருமினார். “அதிவேகம். ஃபெயில்.”

“போன தடவை மெதுவா போனதுக்கு ஃபெயில் பண்ணீங்களே சார்!”

“அது மெதுவுக்கு. இது வேகத்துக்கு. நாங்க பாரபட்சம் பார்க்கிறதில்லை.” பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அது சரி, அந்த மலைவளைவுல என்ன பண்ணீங்க? நான் தினமும் கருவியைப் பரிசோதிக்கிறேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பரிசோதிக்கிறேன். அங்க மட்டும் எனக்குப் பிடிபட மாட்டேங்குது.”

டீச்சர் உரிமத்துக்கான தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் கையெழுத்துப் போட்டார். டீச்சர் சொல்லிக்கொடுத்தார். மத்தியானம் வரை சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் காரின் உறை கழன்றது. சாலமோனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுவிட்டு, டீச்சர் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினார்.

சாலமோனுக்கு ரோடு மங்கலாகத்தான் தெரிந்தது. காற்று மட்டும் முகத்தில் நன்றாக அடித்தது.

“என்ன சீலி, ரோடு காலியா இருக்கா?”

“இல்லைங்க. நிறைய வண்டி.”

“அப்புறம் எப்படி இவ்வளவு வேகமா போறோம்?”

இதற்கு டீச்சர் பதில் யோசிக்கும்போதே திருப்பம் வந்துவிட்டது. இடப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. கால் பிரேக்கைத் தேடவில்லை. கை தானாக ஆட்டோவின் பக்கம் சாய்ந்தது. தகரம் நெளிகிற சத்தம் கேட்டு, கார் நின்றது. சாலமோனின் கறுப்புக் கண்ணாடி தெறித்துக் காலடியில் விழுந்தது. அவர் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“கண்ணுல பட்டுச்சா? என்னங்க, கண்ணுல பட்டுச்சா?”

“படல, படல. பதறாதே.”

டீச்சரின் கை, திரைப் பழக்கத்தில், கார் மின்னுவதற்கான விளக்கைப் போட்டது. முன்னும் பின்னும் ‘டிக், டிக்’ என்று மின்னிக்கொண்டிருக்க, டீச்சர் உள்ளேயே காத்திருந்தார். ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து கார்க் கதவைத் தட்டினார்.

“இன்னாம்மா, இடிச்சுட்டு லைட்டு போட்டுக்கினு சும்மா குந்திகினு கீற?”

“ஒரு நிமிஷம்பா, மின்னி முடியட்டும்.”

“யம்மா, நீயுமா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் அவர். “காலைலேர்ந்து ஒரே பேஜார்ம்மா. அங்க பாரு.”

டீச்சர் பார்த்தார். எதிரே இருந்த பாலத்து ஓரமாக இடித்துக்கொண்ட கார்கள் ஆங்காங்கே மின்னிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தவர்கள் யாரும் இறங்கவில்லை; நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். எல்லாம் அந்தக் கிளை அலுவலகத்தில் தேறியவர்கள்.

டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கிப் புகார் எழுதினார். ‘இந்தத் தேர்வு முறை உயிருக்கே ஆபத்தானது, உடனே நிறுத்த வேண்டும்.’ சாலமோனையும் கூட்டிக்கொண்டு, காரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, நேரே அலுவலகத்துக்குப் போனார்.

வாசலில் ஒரே கூட்டம், கூச்சல். சத்யநாராயணன் புகாரை வாங்கிப் படித்துவிட்டு, “நியாயமான புகார். நிவர்த்தி பண்ணியாச்சு. நிஜக் கருவி இன்னிக்குக் காலையில வந்துடுச்சு” என்றார். சந்தோஷமான செய்தியைச் சொல்கிற முகமாக அது இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தார் டீச்சர். உண்மையான ஸ்டியரிங், உண்மையான பிரேக், பெரிய திரை. திரையில் ஜி.எஸ்.டி. ரோடு அச்சு அசலாக இருந்தது. சிக்னல். குறுக்கே நிற்கும் பஸ். தண்ணீர் லாரி. பச்சை விழுந்தது, யாரும் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன். மறுபடி சிவப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“காலையில முதல் ஆளா உட்கார்ந்தவர். இன்னும் முதல் சிக்னலைத் தாண்டலை” என்றார் பாலகுரு.

“இதுதான் சார் சரியான டெஸ்ட்!” என்றார் டீச்சர்.

“சரியா இருக்குதும்மா. அதான் பிரச்சினையே” என்றார் சத்யநாராயணன்.

வெளியே ஒரு பெண்மணி கத்தினார்: “இதைப் பார்க்கவா பஸ் புடிச்சு வந்தோம்? பஸ்லயே பார்த்துக்கினுதானே வந்தோம்!” அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். அருண்ராஜ் எல்லோருக்கும் முன்னால் நின்று கோஷம் போட்டார். பழைய கருவியைத் திரும்பக் கொண்டுவரும் வரை, நகராத அந்த ரோட்டையே மறிக்கப் போவதாகவும் அறிவித்தார்.

பழைய பெட்டி மூலையில் ஸ்டூல் மேல் இருந்தது. யாரும் அணைக்கவில்லை. கடல், தென்னை மரம், மறையாத சூரியன். சிவப்புக் கார் ஆளில்லாமல் நின்றது.

“டீச்சர், புகார் கொடுத்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்க, எதை வைக்கட்டும்?” என்று கேட்டார் சத்யநாராயணன்.

டீச்சர் பெரிய திரையைப் பார்த்தார். மறுபடி பச்சை விழுந்து மறுபடி சிவப்பானது. சின்னத் திரையைப் பார்த்தார். பிறகு சாலமோனைப் பார்த்தார்.

“காத்து நல்லாத்தான் அடிச்சுது சீலி” என்றார் சாலமோன்.

கோரிக்கை மனு எழுத அவசரத்துக்குத் தாள் கிடைக்கவில்லை. டீச்சர் தன் புகாரைத் திருப்பி நீட்டினார். பின்பக்கம் காலியாக இருந்தது. ‘பழைய கருவியே தொடர வேண்டும்’ என்று அதில் எழுதப்பட்டது. முதல் கையெழுத்து ஜெயசீலி டீச்சர் போட்டது. இரண்டாவது, எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டியதும், சாலமோன் போட்டது.