சம்பந்தியம்மாளும் ஐந்து கொழுக்கட்டையும்

“உள்ளே வரலாமா?” என்று வாசலில் நின்ற அம்மாள் கேட்டதும், சிக்ஸ்டன் லாண்ட்டோ உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தார்.

‘ஷ்ஷுப்!’

அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனாள். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. தொப்பிக்கும் கம்பளித் துண்டுக்கும் நடுவே அவளுடைய கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்கள் மிரண்டுபோயிருந்தன.

“வரலாமா, கூடாதா?”

‘ஷ்ஷுப்!’

இன்னும் இரண்டடி. மூன்றாவது தடவை கேட்டிருந்தால் காருக்குள்ளேயே போய் உட்கார்ந்திருப்பாள்.

“மனுஷா! வாயைத் திறந்து சொல்லு!” என்று சமையலறையிலிருந்து கத்தினாள் மனைவி மாய்-லிஸ்.

ஸ்வீடனின் வடகோடியில் ‘ஆமாம்’ என்று சொல்வதற்கு யாரும் வார்த்தையைச் செலவழிப்பதில்லை. சூடான ரசத்தை உறிஞ்சுகிற மாதிரி ஒரு மூச்சு, அவ்வளவுதான். தன் கல்யாணத்தில் பாதிரியார் கேட்டபோதுகூட சிக்ஸ்டன் அப்படித்தான் சம்மதம் சொன்னார். பாதிரியார் தெற்கத்திக்காரர். மூன்று முறை கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு ஆஸ்துமாவா என்று மாய்-லிஸ்ஸிடம் ரகசியமாக விசாரித்தார்.

சிக்ஸ்டன் இப்போது நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, “ஆமாம்!” என்றார். ஊர்ப் பாதைகளில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவரின் குரல் அது. கூரை விளிம்பில் இருந்த பனி பொத்தென்று விழுந்தது. அதற்குப் பயந்தே அந்த அம்மாள் உள்ளே ஓடிவந்துவிட்டாள்.

துண்டுக்குள்ளிருந்தே தன் பேரைச் சொன்னாள். “...ரேட்டா” என்று கடைசிப் பாதிதான் காதில் விழுந்தது. சிக்ஸ்டனுக்கு அதுவே போதும். வரப்போகிற சம்பந்தியம்மாளின் பெயர் மர்கரேட்டா. தவிர, வந்தவரிடம் பேரை இரண்டாம் தடவை கேட்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. யார், என்ன, எதற்கு என்று கேட்பது அதைவிட மோசம். முதலில் காபி. மற்றதெல்லாம் தானாக வெளியே வரும்.

மகள் டைரா ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறாள். காஸ்பர் என்று ஒரு பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாள். ரெண்டு பேரும் சாயங்கால ரயிலில் வருகிறார்கள். பையனின் அம்மா முன்னாலேயே விமானத்தில் வந்து, வாடகைக் காரில் நேராக வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் டைரா போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

“அப்பா, தயவுசெஞ்சு அந்த மூச்சு வேண்டாம். ஆவி பிடிக்கிற சௌனாவுக்குள்ள உக்காரச் சொல்லாதீங்க. புளிக்கவச்ச மீன் டப்பாவைத் திறக்கவே திறக்காதீங்க, நாத்தம் தாங்காது. சாதாரண மனுஷங்க மாதிரி ஏதாவது பேசுங்க.”

“என்ன பேசறது?”

“பேசுங்கப்பா! கல்யாணம் எங்க நடக்கணும்னு அவங்கதான் சொல்லப்போறாங்க. அங்க ஒரு தீவுல பெரிய ஓட்டல் பாத்து வச்சிருக்காங்க.”

ஆற்றங்கரை மரச் சர்ச்சில், சூரியன் மறையாத ஜூன் மாதத்தில், ஊரே கூடி நிற்க மகளை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்பது சிக்ஸ்டனின் ஆசை. வெளியே சொன்னதில்லை. மாய்-லிஸ்ஸிடம்கூட ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்.

ஆகவே பேசுவதென்று தீர்மானித்து, விருந்தாளிக்கு எதிரே உட்கார்ந்தார். அதற்குள் மாய்-லிஸ் காபியை வைத்தாள்.

விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். “உள்ளே ஏதோ விழுந்திருக்கே?”

“சீஸ்” என்றார் சிக்ஸ்டன்.

“காபியிலயா?”

‘ஷ்ஷுப்!’

மாய்-லிஸ் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை எடுத்து மென்றாள். அது பல்லிடுக்கில் கீச்சென்று கத்தியது. “அருமை” என்றாள், மருந்து குடித்த குழந்தையின் முகத்தோடு.

சிக்ஸ்டனுக்கு மனசு கேட்கவில்லை. இதைச் சரிக்கட்ட நல்ல சாப்பாடுதான் வழி என்று கண்ணைக் காட்டினார். மாய்-லிஸ் பால்ட் கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கு மாவுக்குள் பன்றிக்கறி வைத்து அவித்த கொழுக்கட்டை. ஒவ்வொன்றும் ஆள் கைமுஷ்டி அளவு. மேலே வெண்ணெய் உருகி வழிந்தது.

ஒன்றை முடித்துவிட்டு விருந்தாளி தயங்கினாள். “இன்னொண்ணு சாப்பிடணுமா?”

வேண்டுமானால் தாராளமாக என்ற அர்த்தத்தில், ‘ஷ்ஷுப்’ என்றார் சிக்ஸ்டன். வாயைப் பொத்திக்கொள்வதற்குள் வந்துவிட்டது.

அவள் மிரண்டுபோய் இரண்டாவதைச் சாப்பிட்டாள். பிறகு மூன்றாவது. ஒவ்வொன்று முடிந்ததும் பயத்தோடு கேட்பாள், இவரும் மூச்சை இழுப்பார். ஐந்தாவது முடிந்தபோது அவள் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“உங்களைப் பத்திச் சொன்னாங்க” என்றாள் மெல்ல. “சட்டுன்னு குடுத்துட மாட்டீங்க, முதல்ல ஆள் எப்படின்னு பாப்பீங்கன்னு.”

சிக்ஸ்டன் நிமிர்ந்தார். டைராதான் சொல்லியிருக்கிறாள். “பின்ன? பாக்காம எப்படிக் குடுக்கறது?”

“நியாயம்தான். வேற யாராவது கேட்டாங்களா?”

“ஊர்லயே ரெண்டு பேர் கேட்டாங்க. நான்தான் பிடி குடுக்கல.”

“நல்லவேளை! நான் ரொம்ப நல்லாப் பாத்துக்குவேங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடியே காடு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கூடவே நடக்கப் போவேன். சோபாவுல கால் நீட்டிப் படுத்தாக்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.”

மாய்-லிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய மாமியார் வீட்டில் சோபாவில் உட்காரவே முடிந்ததில்லை.

“சாப்பாட்டுல ஏதாவது அடம் உண்டா?”

“மான்கறின்னா உசிரு. குடுத்தா முழுசாத் தீர்த்துடுவா” என்றார் சிக்ஸ்டன். பேச்சு இப்போது தடையில்லாமல் வந்தது. “கோவம் வந்தாதான் கொஞ்சம்... ரெண்டு நாள் பக்கத்துல போகாதீங்க. தானா வருவா.”

“அதெல்லாம் பழக்கிடலாம். பேரை மட்டும் மாத்திக்கட்டுமா?”

சிக்ஸ்டனுக்குச் சுருக்கென்றது. லாண்ட்டோ என்ற குடும்பப் பேரை விடவே மாட்டேன் என்று டைரா சொல்லியிருந்தாளே. “பேரு... அது அப்படியே இருந்தா நல்லாருக்கும்.”

“சரி சரி, இருக்கட்டும், இருக்கட்டும்” என்று அவசரமாகச் சொன்னாள் விருந்தாளி. எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஐந்து பால்ட்டும் அவளை நாற்காலியோடு சேர்த்து அழுத்தின.

“சௌனா போட்டா கரைஞ்சுடும்” என்றார் சிக்ஸ்டன்.

“டைரா வேண்டாம்னாளே” என்று முணுமுணுத்தாள் மாய்-லிஸ்.

“வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டாங்கன்னா? அது பரவாயில்லையா?”

பெண்கள் இருவரும் முற்றத்து மரக்குடிலுக்குப் போனார்கள். வழக்கம் தெரியாத விருந்தாளி சூடு குறைச்சலாக இருக்கும் என்று நினைத்து மேல்படியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்; அனல் அதிகம் அடிப்பதே அங்கேதான். மாய்-லிஸ்ஸோ, சம்பந்தியம்மாளுக்குக் குளிருமோ என்று கல் மேல் இன்னும் இரண்டு அகப்பை தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த சிக்ஸ்டனுக்குக் கதவு படாரென்று திறப்பது தெரிந்தது. ஆவி பறக்கும் ஒரு உருவம் “ஐயோ!” என்று அலறியபடி பனிக்குவியலில் போய் விழுந்தது. அவர் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார். இனி தீவு ஓட்டல்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கால்மணி கழித்து, மாய்-லிஸ்ஸின் கம்பளிச் சட்டைக்குள், வேகவைத்த நண்டு நிறத்தில் வந்து உட்கார்ந்தாள் விருந்தாளி.

“இன்னும் ஏதாவது பரீட்சை பாக்கி இருக்கா?” என்றாள் தழுதழுத்த குரலில்.

பாவம், எங்களுக்கு இவள் பயந்திருக்கிறாளே என்று சிக்ஸ்டன் உருகிப்போனார். இதைவிட நல்ல நேரம் வராது.

“பரீட்சையெல்லாம் இல்லீங்க. எனக்கு ஒரே ஒரு ஆசை. இங்கேயே வச்சுக்கலாமா?”

“இங்கேயே வச்சுக்கறதா?” அவள் துள்ளி எழுந்தாள். “கூட்டிட்டுப் போறதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்! காபியில சீஸ் தின்னேன். கறி உருண்டை அஞ்சு தின்னேன். என்னைப் புழுக்கிப் பனியில போட்டீங்க. இப்ப இங்கேயே வச்சுக்கறேங்கறீங்களே!” என்று விம்மத் தொடங்கினாள்.

“அழாதீங்க, அழாதீங்க!” சிக்ஸ்டன் பதறிப்போனார். மாய்-லிஸ் அவர் தோளில் கை வைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆற்றுக்கு அக்கரையில் சர்ச்சின் கூர்நுனி மங்கலாகத் தெரிந்தது. “அங்கேயே இருக்கட்டும். நீங்க கூட்டிட்டுப் போங்க. எங்க இருந்தாலும் அவ சந்தோஷமா இருந்தாப் போதும்.”

விருந்தாளி பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வது சாவு வீட்டில்கூடக் கிடையாது. சிக்ஸ்டன் மரம்போல நின்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஏலோஃப் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறவன். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தான், தலைகூட வாரியிருந்தான். கட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் வைத்துக் கசக்கினான்.

“சிக்ஸ்டன், நீ கொஞ்சம் வந்து பாருடா. நாய்க்குட்டி வாங்க வர்றேன்னு போன்ல சொன்ன ஸ்டாக்ஹோம்காரம்மா காலையிலேருந்து என் வீட்டுலதான் உக்காந்திருக்கா. குட்டியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறா. புளிச்ச மீனை ரெண்டு தட்டு தின்னா. சர்ச்சைக் காட்டுன்னா, காட்டினேன். இப்ப ஓட்டலெல்லாம் வேண்டாம், ஜூன் மாசம் இந்த சர்ச்சுலதான் கல்யாணம்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எனக்கு எழுபது தாண்டிடுச்சுடா, நான் என்ன பதில் சொல்லட்டும்?”