நாக்பூர் ரோட்டில் தாயில்பட்டி

இந்தியாவில் உள்ள அத்தனை மொழிகளையும், தமிழைத் தவிர ஒன்றுகூடத் தெரியாமலேயே முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் எங்கள் கொரகொர அண்ணாச்சிதான்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருஷம் ஆகியிருக்கும். ஆடி கழிந்ததும் சாம்பிள் காலண்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஆந்திரா, மகாராஷ்டிரா என்று வடக்கே கிளம்பிவிடுவோம். அந்த வேனின் டிரைவர் அண்ணாச்சி. வேன் தெருவுக்குள் நுழையும் முன்பே அதன் ரேடியோ இரைச்சல் நுழைந்துவிடும் என்பதால், முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் கொரகொர அண்ணாச்சி.

ஊரே எஃப்.எம். கேட்க ஆரம்பித்திருந்த காலம். அண்ணாச்சிக்கு அது இளக்காரம்.

"அது அடுத்த வீட்டுக்காரன் சத்தம் போட்டுப் பேசுறத கேக்குற மாதிரி தம்பி. மீடியம் வேவ்னா அப்படியா? மலை, காடு எல்லாம் தாண்டி எங்கனயிருந்தோ வருது. அம்புட்டுத் தூரத்துலயிருந்து வர்றவனுக்கு நாம கொஞ்சமாச்சும் மரியாதை குடுக்கணும்ல?"

மரியாதை என்றால் சாதாரண மரியாதை இல்லை. வேனின் கூரைக் கேரியர் முழுக்க காலிங் பெல் வயரைச் சுற்றி ஏரியலாக்கியிருந்தார். ஏதாவது ஒரு ஸ்டேஷன் மெலிதாகக் கேட்டால் வேனை ஓரங்கட்டி, முன்பக்கம், பின்பக்கம் என்று திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்ப்பார். ஒருமுறை அனந்தபூர் தாண்டி, நன்றாகக் கேட்ட கன்னட நாடகம் மங்கிவிட்டது என்று வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். நாடகத்தில் ஒரு பெண் விம்மினாள். அண்ணாச்சியும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"பாவம், மாமியா ரொம்பப் படுத்துறா."

டீ குடிக்க நிறுத்திய இடத்தில், கன்னடமும் தமிழும் தெரிந்த கடைக்காரர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். மாட்டுக்கு வருகிற கோமாரி நோயைப் பற்றிய நாடகம் என்றார்.

"மாடுன்னா என்ன? அதுக்கு மாமியா இருக்கக்கூடாதா?" என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் அசராமல்.

இன்னொரு தடவை ஒரு செக்போஸ்டில் சிவகாசி விலாசத்தையும், கூரை நிறைய வயரையும் பார்த்த போலீஸ்காரர்கள் நாலடி பின்னால் தள்ளி நின்றார்கள். அண்ணாச்சி ரேடியோவைத் திருப்பினார். எங்கோ ஒரு ஸ்டேஷனில் ஷெனாய் கேட்டது. கடைசியில் எங்களை அனுப்பிவைக்கவே அவர்களுக்கு மனசில்லை.

எங்களோடு வருகிற மேனேஜர் சங்கரபாண்டிக்குத்தான் இதெல்லாம் ஆகாது. ஆமத்தூர்க்காரர், புதுசாக சி.டி. பிளேயர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டே வருவார். "அண்ணாச்சி, அந்தக் கருமத்த அமத்துங்க" என்பதுதான் எங்கள் பயணங்களின் பின்னணி இசை.

அந்த வருஷப் புரட்டாசியில் நாக்பூர் பயணம். கிளம்பும்போதே அண்ணாச்சி நிலைகொள்ளாமல் இருந்தார். அவர் மனைவி வேலம்மா மதினி, தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வேலைக்குப் போகும் பெண்களின் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்ய ரேடியோக்காரர்கள் அந்த ஊருக்கு வந்து போயிருந்தார்கள். மதினியின் குரலும் அதில் உண்டு. திருநெல்வேலி ஸ்டேஷனில் அது ஒலிபரப்பாகிற அன்றைக்கு நாங்கள் நாக்பூர்ப் பக்கம் இருப்போம்.

"ஊரெல்லாம் கேக்கும், நீங்க மட்டும் கேக்க மாட்டீக" என்றிருக்கிறார் மதினி. "எங்கன இருந்தாலும் கேப்பேன்" என்று அண்ணாச்சி சத்தியம் செய்திருக்கிறார்.

அந்த நாளும் வந்தது. பொழுது சாயும் நேரம். நாக்பூரில் எங்கள் பெரிய ஏஜெண்ட் கடை அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். அண்ணாச்சி ஒரு தாபா முன்னால் வேனை நிறுத்திவிட்டார்.

சங்கரபாண்டி குதித்தார். "ஆர்டர் போச்சுன்னா முதலாளிகிட்ட யாரு பதில் சொல்றது? வேலைய விட்டே தூக்கிருவாக, பாத்துக்கோங்க!"

அண்ணாச்சி சாவியை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, நீங்க ஓட்டிட்டுப் போங்க. நான் கேட்டுட்டு வாரேன்."

எங்கள் இருவருக்கும் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

அண்ணாச்சி முள்ளைத் திருப்பினார். திருநெல்வேலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இந்திக்காரர் உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வேனைத் திருப்பினார். கூரை வயரை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டினார். இந்திக்காரர் இன்னும் தெளிவாகப் பேசினார். அண்ணாச்சி முகம் வெளிறிப்போனது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மரத்திலிருந்து வயர் நழுவியது. எட்டிப் பிடித்தேன். அந்த நொடி இந்தி தேய்ந்து, உள்ளே எங்கோ தமிழ் கேட்டது.

"தம்பி, அசையாதீக!"

கையை விட்டால் போய்விடும், பிடித்தால் வரும். "மேனேஜர் சார், தம்பி கையப் பிடிங்க!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் சங்கரபாண்டி என்னைப் பிடித்துக்கொண்டார். தமிழ் இன்னும் கிட்டே வந்தது. தாபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாமக்கல் லாரி டிரைவர்கள் ஓடிவந்தார்கள். ரொட்டி சுடுகிறவர், தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபி டிரைவர் என்று ரோட்டோரமாக ஒரு சங்கிலியே நீண்டது. இத்தனை பேர் பிடித்ததாலா, வானம் மனசு வைத்ததாலா, தெரியாது. இந்திக்காரர் விடைபெற்றார். வேலம்மா மதினி வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"அவுக வேன் ஓட்டுதாக. ஊரு ஊராப் போயிருவாக. வீட்டுல இருந்தாலும் எம்பேச்ச எங்க கேப்பாக? ரேடியோ பேச்சத்தான் கேப்பாக. அதான் நானே ரேடியோவுக்குள்ள வந்துட்டேன். இனி கேட்டுத்தான ஆகணும்!"

நாமக்கல்காரர்கள் சிரித்த சிரிப்பில் சங்கிலி குலுங்கியது. "அசையாதீக, அசையாதீக!" என்று அண்ணாச்சி கும்பிட்டார்.

"இப்ப நாக்பூருக்குக் கிளம்புதாக. ஏங்க, ஆரஞ்சு வாங்கிட்டு வாங்க. போன தடவ மாதிரி அழுகலா வாங்கிட்டு வந்துராதீக."

பிறகு மதினி ஒரு கும்மிப் பாட்டுப் பாடினார். கூடவே தாயில்பட்டிப் பெண்கள் கைதட்டினார்கள். என்ன பாட்டு என்று தெரியாமலே பஞ்சாபிக்காரர் தலையாட்டினார். பாட்டு முடிந்ததும் முதலில் விசிலடித்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சங்கரபாண்டி. அத்தனை பேரும் அண்ணாச்சியைத் தூக்கி வேன் கூரையில் உட்கார வைத்தார்கள். தேர்தலில் ஜெயித்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

நாக்பூர் ஆர்டர் எங்கேயும் போய்விடவில்லை. மறுநாள் காலையில் போய் வாங்கினோம்.

அதற்கு முன், தாபா பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணாச்சி தாயில்பட்டி மளிகைக் கடைக்கு போன் போட்டார். மதினி அங்கேயே காத்திருந்திருக்கிறார். எடுத்தவுடனே, "கேட்டீகளா?" என்ற குரல் எனக்கே கேட்டது.

"கேட்டேன்."

"பொய் சொல்லாதீக. என்ன சொன்னேன்?"

அண்ணாச்சி சொன்னார். திட்டியதை, ஆரஞ்சை, பாட்டில் நடுவே மூச்சு வாங்கியதை, ஒன்று விடாமல் சொன்னார். மதினி, "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணாச்சி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"சாப்பிட்டாக மதினி" என்றேன். நாங்கள் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. யாருக்கும் பசிக்கவும் இல்லை.