பாரிஸ் போனும் உப்பளத்து லைனும்

டெலிபோன் கருவிகளுக்கு விசுவாசம் அதிகம். வாங்கியவர் மேல் இல்லை, கொடுத்த கம்பெனி மேல். பாரிசிலிருந்து வரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் செல்போனில் உள்ளூர் சிம்மைப் போட்டால், யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கம்பெனிக்காரன் கருவியைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு, வேறு கம்பெனிக்கு ஓடிவிடக் கூடாதென்று பூட்டுப் போட்டிருக்கிறானாம். பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. நான் மெல்ல அந்த இடத்தை விட்டு நழுவுகிறேன். ஏனென்றால், எண்பதுகளிலேயே இப்படி ஒரு பூட்டில் கையை விட்டு அக்காவின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

அப்போது நாங்கள், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில், உப்பளம் என்கிற பேட்டையில் இருந்தோம். அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் சின்ன லேத் பட்டறை. வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய கறுப்பு டெலிபோன், அம்மா பின்னிய துணியைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கும். நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்திருந்தேன். (இரண்டு பேப்பர் பாக்கி. அதை ஏன் இப்போது கிளறிக்கொண்டு!)

அக்காவுக்குப் பாரிசிலிருந்து ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவர் அம்மாவின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர் என்பதால் எங்கள் ஊர் வழக்கப்படி அவர் சொல்தா மாமா. ஜாதகம், போட்டோ எல்லாம் ஒத்துப்போய்விட்டன. "பொண்ணோட ஒரு தடவை பேசிட்டு முடிவு சொல்றேன்" என்றிருந்தார் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் வரும். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. சமையலறை டப்பாவுக்குப் பின்னால் அந்தப் போட்டோவை ஒளித்துவைத்து, எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

மாமா பாரிசிலிருந்து எங்களுக்குக் கொண்டுவந்த பரிசு ஒன்று அலமாரியில் பொம்மை மாதிரி கிடந்தது. சிவப்பு டெலிபோன். சுழற்ற வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். ஞாயிறு மத்தியானம் எனக்கு ஞானோதயம் பிறந்தது. பாரிஸ்காரரோடு பாரிஸ் போனில் பேசினால் எவ்வளவு கௌரவம்!

அதன் பிளக் நம் ஊர்ப் பெட்டிக்குள் போக மறுத்தது. போகாததற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நிதானிக்கிற புத்தி எனக்கு ஏது? பிளக்கை வெட்டி எறிந்தேன். கறுப்பு போனைக் கழற்றிவிட்டு, ஒயரோடு ஒயரை முறுக்கினேன்.

அப்பா ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். "என்னாடா, சத்தமே காணோம்?"

"நம்ம போன்லதாம்பா கொர்ருன்னு இரையும். இது பிரெஞ்சு போனு, சுத்தமா இருக்கு."

அப்பா நம்பிவிட்டார்.

நாலு மணி ஆயிற்று. பட்டுப் புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு (போனில் தெரியும் என்று அம்மா நினைத்தாளோ என்னவோ) அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன் அடிக்கவில்லை. நாலரை ஆயிற்று. மூச்சுவிட்டால்கூட அம்மா முறைத்தாள். ஐந்து மணிக்கு அக்காவின் கை புடவைத் தலைப்பைத் திருகத் தொடங்கியது. "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.  முறுக்கிய ஒயரைக் காலால் மெல்ல அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மாமா கத்திக்கொண்டே உள்ளே வந்தார். "ஒரு மணி நேரமா எங்கேஜ்டு! என் வீட்டுக்குப் போன் போட்டுக் கேக்கறாங்க. பொண்ணு யாரோட இவ்ளோ நேரம் பேசிக்கிட்டிருக்குன்னு மாப்ளையோட அம்மா கேக்கறாங்க. நான் என்னா சொல்ல? ஆறு மணிக்குக் கடைசியா ஒரு தடவை போடுவாங்களாம்!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிவப்பு போனைப் பார்த்தேன்.

அடுத்த தெரு லைன்மேனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெட்ட கோபத்தில் வந்தவர், சிவப்பு போனைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "டிபார்ட்மெண்ட் செட்ட யார் கழட்டுனது? ரிப்போர்ட் எழுதுனா லைனே கட்டாயிடும், தெரியுமா?"

"இது பிரெஞ்சு செட்டுய்யா. உங்க செட்டுக்கு இது என்னா கொறைச்சல்?" மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

"கொறைச்சல் இல்லீங்க. ஆளாளுக்கு ஒரு செட்டக் கொண்டாந்து மாட்டிட்டா, எங்க செட்ட யார் வாடகைக்கு எடுப்பாங்க? பிரெஞ்சுக்காரனே போயிட்டான். அவன் போனு மட்டும் எதுக்கு?"

மாமா பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அது பாராட்டு இல்லை என்று லைன்மேனுக்குப் புரிந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். மணி ஆறடிக்கப் போகிறது. அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் யாருக்கும் பணியாத மனுஷன். "பொண்ணு வாழ்க்கைங்க" என்றார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

லைன்மேன் அக்காவைப் பார்த்தார். உட்கார்ந்து என் முறுக்கலைப் பிரித்தார். ஒயர் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, யாரோ ரிசீவரை எடுத்துப் பேசுவதாகவே எக்ஸ்சேஞ்சை ஏமாற்றிக்கொண்டிருந்தனவாம். கறுப்பு போனை மாட்டி அவர் கையை எடுத்ததுதான் தாமதம், அது வீடே அதிர அடித்தது.

அக்கா எடுத்தாள். அவள் பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

"யாரோடவும் பேசலைங்க. எங்க தம்பி. நல்லது பண்றேன்னு போனை மாத்திட்டான்."

அந்தப் பக்கம் ஏதோ கேள்வி. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இல்லீங்க. ஒரே தம்பிதாங்க."

ரிசீவரைத் தாண்டி, கூடம் முழுக்கக் கேட்கும்படி பாரிஸ் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அம்மா அழுதாள். இந்த மாதிரி எத்தனை தம்பிகள் இருக்கிறார்கள் என்று கேட்டாராம் அத்தான். இன்னொருவன் இருந்திருந்தால் யோசித்திருப்பேன் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

பாரிசில் பிறந்த அக்கா பேரனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் போதும், ஓடிவந்து என்னைக் கைகாட்டி, பிசிறில்லாமல் சொல்கிறான்: "ஒரே தம்பிதாங்க."